எட்டி நில், இல்லை ஒட்டி நில்

பாரிஸ் போய்வந்த யாருடைய ஃபோனையும் வாங்கிப் பாருங்கள், அந்தப் படம் இருக்கும். முன்னால் ஆள், பின்னால் ஈஃபிள் கோபுரம். உச்சி ஃபிரேமுக்குள் வந்தாக வேண்டுமே என்று ஃபோனைச் சாய்த்துப் பிடித்ததில் கோபுரம் மல்லாந்து கிடக்கும். ஆள் கீழோரத்தில் இடுப்போடு வெட்டுப்பட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். ஊருக்கு வந்ததும் வாட்ஸ்அப் டிபியில் ஏறும். அடுத்த பிறந்தநாள் படம் வந்ததும் இறங்கிவிடும்.

மே மாத விடுமுறையில் நாங்களும் போனோம். நான், மனைவி, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகள். படம் எடுப்பதில் எனக்குக் கிறுக்கு உண்டு. ஆனால் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைவதை எப்போதோ விட்டாயிற்று, இப்போது ஃபோன் மட்டும்தான். அதனால் நான் சொல்வதெல்லாம் ஃபோன்காரர்களுக்கு. ட்ரைபாட் வைத்திருக்கிறவர்கள் என்னைவிட விவரம் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஈஃபிள் கோபுரத்தை ஒன்று எட்டி நின்று எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டி நின்று எடுக்க வேண்டும். எல்லாரும் போய் நிற்கிற நடுத்தூரம் இருக்கிறதே, வில்லங்கம் அங்கேதான்.

ஏன் என்று கேட்டால் கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரம் இப்போது 330 மீட்டர். 1889இல் கட்டி முடித்தபோது ‘300 மீட்டர் கோபுரம்’ என்றுதான் அழைத்தார்கள். பிறகு ஆன்டெனா மேல் ஆன்டெனா ஏறி, 2022இல் வைத்ததோடு 330 ஆயிற்று. சாதாரண ஃபோனின் முதன்மை லென்ஸ், ஃபோனை நெட்டுக்குத்தலாக, துளியும் சாய்க்காமல் பிடித்தால், கண்மட்டத்துக்கு மேலே முப்பத்துச் சொச்சம் டிகிரி வரைதான் பார்க்கும். 330 மீட்டர் அதற்குள் அடங்க வேண்டுமானால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும். மெட்ரோவில் உட்கார்ந்து டேன் தீட்டா போட்டுப் பார்த்தது மகள்தான். “பரீட்சை முடிஞ்சப்புறமும் இது விடாதாப்பா?” என்று சலித்துக்கொண்டே போட்டாள்.

அந்த அரைக் கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் ஃபோனை அண்ணாத்தித்தான் ஆக வேண்டும். அண்ணாத்தினால் நெட்டுக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும். மற்றக் கட்டடங்களுக்கு இது பெரிய குறையில்லை. ஈஃபிள் கோபுரத்துக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. ஏனென்றால் அதன் அழகு முழுக்க, அது எப்படிக் குறுகிக்கொண்டே மேலே போகிறது என்பதில் இருக்கிறது. கீழே ஒவ்வொரு பக்கமும் 125 மீட்டர் அகலத்துக்குக் காலை விரித்து ஊன்றி, முதல் தளத்துக்கு மேல் மெல்ல உள்வாங்கி, இரண்டாம் தளத்துக்கு மேல் ஒரே கோடாகச் சேர்ந்துகொள்கிற வளைவு அது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று வரைந்ததல்ல. இரும்பின் எடை அங்கே பிரச்சினையே இல்லை, காற்றுதான் பிரச்சினை. காற்று எந்த உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று பார்த்து வந்த வளைவு. இந்தக் கணக்கே அழகுதான் என்று குஸ்தாவ் ஈஃபிள் பத்திரிகையில் வாதாடினார். அதைப் போய் லென்ஸ் தன் பங்குக்கு இன்னும் குறுக்கிவிட்டால், கணக்கும் போயிற்று, அழகும் போயிற்று.

பேச்சோடு பேச்சாக: பெயர்தான் ஈஃபிள். முதல் படத்தை 1884இல் வரைந்தது அவரது நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்த மொரிஸ் கெக்லான். கூட இருந்தவர் எமில் நூகியே. கீழே நான்கு பக்கமும் தெரிகிற பெரிய அரைவட்ட வளைவுகள் எடை எதையும் தாங்குவதில்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஸ்தெஃபான் சொவெஸ்த்ர் என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தது. முதலாளி பெயர் நிலைப்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதியில்லை.

அடுத்தது வெளிச்சம். கோபுரத்தின் நான்கு கால்களும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு திசைகளில் ஊன்றியிருக்கின்றன. ஆகவே நான்கு முகங்களும் மூலைத் திசைகளைப் பார்க்கும். செய்ன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ட்ரொகாதேரோ மேடு கோபுரத்துக்கு வடமேற்கு. புல்வெளி நீண்டு கிடக்கிற ஷான் தெ மார்ஸ் தென்கிழக்கு. வாஸ்து பார்த்தே பழகிய நம் ஆட்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும்: ஒன்று வாயு மூலை, இன்னொன்று அக்னி மூலை.

கூட்டம் சேருமுன் எடுத்துவிடலாம் என்று காலையிலேயே எழுந்து ட்ரொகாதேரோவுக்கு ஓடுகிறவர்கள் நிறைய. கூட்டம் இருக்காது, நிஜம். வெளிச்சமும் இருக்காது. காலை முழுக்கச் சூரியன் எதிர்ப்பக்கம். உங்களைப் பார்க்கிற முகம் நிழலில் கிடக்கும். வானம் வெளுத்து, கோபுரம் கரிக்கோடாக வரும். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் சரி. இரும்பு தெரிய வேண்டும் என்றால் காலையில் அக்னி மூலைக்கும், மாலையில் வாயு மூலைக்கும் போங்கள். மே மாதக் கடைசியில் ஒன்பதரைக்கு மேல்தான் அங்கே பொழுது சாய்கிறது. எட்டரை மணி வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நீளமாக வந்து அந்த முகத்தில் விழும்போது, பழுப்புப் பெயின்ட் தேன் நிறத்துக்கு வரும். ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் நல்ல போட்டோகிராஃபர்கள் ஆகிவிடுவார்கள்.

ட்ரொகாதேரோவைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. தூரம் சரி, மேடு சரி, நடுவில் ஆறு, பாலம் எல்லாம் சரி. இரண்டு கை விரித்தாற்போல் நிற்கிற ஷாயோ மாளிகை 1937 கண்காட்சிக்குக் கட்டியது. அதன் நடுவே இருக்கிற வெளி, கோபுரத்தைக் காட்டுவதற்கென்றே விட்டதுபோல இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அங்கே எடுக்கிற படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கல்யாண கவுன் போட்ட பெண்கள், அவர்கள் கவுனின் வாலைத் தூக்கிப் போட்டு விளையாடுகிற உதவியாளர்கள், வரிசை போட்டு ஒரே கல்லின்மேல் ஏறி நிற்கிறவர்கள். சின்னச் சின்ன ஈஃபிள் கோபுரச் சாவிக்கொத்துகளைத் துணி விரித்து விற்கிறார்களே, அந்தத் துணியைக் கவனியுங்கள். நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருக்கும், நான்கு கயிறும் கடைக்காரர் விரலில். தூரத்தில் போலீஸ் தலை தெரிந்ததும் ஒரே இழுப்பு, கடை மூட்டையாகித் தோளில் ஏறிவிடும். அன்று கோபுரத்தைவிட அந்தத் துணியை நான் அதிகம் எடுத்தேன்.

இப்போது எட்டி நிற்பதற்கு வருகிறேன். அரைக் கிலோமீட்டர் என்றது குறைந்தபட்சம். இன்னும் தள்ளிப் போகலாம், போக வேண்டும்.

கோபுரத்துக்குக் கிழக்கே சான் தொமினிக் என்றொரு தெரு. கறிகாய்க் கடை, ரொட்டிக் கடை, பூக்கடை, மருந்துக் கடை, மேலே ஐந்தாறு மாடி வீடுகள். தெருவில் மேற்கே பார்த்து நின்றால், கூரைகளுக்கு மேலே கோபுரம் பாதி எழுந்து நிற்கிறது. இது காலைத் தெரு, வெயில் பின்னாலிருந்து வரும். இங்கேதான் மகளுக்கு ஒரு வித்தை காட்டினேன். பூக்கடையைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். பிறகு தெருவில் நூறு மீட்டர் பின்னால் நடந்து, அதே பூக்கடையை மூன்று மடங்கு ஸூமில் இழுத்து இன்னொரு படம். இரண்டாவது படத்தில் கோபுரம் பூதாகாரமாக வந்து தெருவின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. “அது எப்படி, பின்னாலதானே வந்தோம்?” என்றாள். கோபுரம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. நாம் நூறு மீட்டர் பின்னால் போனால் அதற்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம்போல் சிறுக்கும். பக்கத்தில் இருந்த பூக்கடைதான் பல மடங்கு சிறுத்துவிடும். அதை ஸூம் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது கோபுரமும் சேர்ந்து வளர்ந்துவிடுகிறது. ஆளோடு சேர்த்துக் கோபுரத்தை எடுப்பதற்கும் இதே வழிதான். ஆளைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கோபுரத்தை விட்டு வெகுதூரம் வந்து, ஆளை விட்டும் தள்ளி நின்று, ஸூம் போடுங்கள். கோணலும் வராது, மூக்கும் பெரிதாகாது.

ஷான்ஸெலிஸே மேட்டில் இருக்கிற வெற்றி வளைவின் மொட்டைமாடிக்கும் ஏறினோம், 284 படி. அங்கிருந்து நகரத்தின் சாம்பல் கூரைகளுக்கு மேலே கோபுரம் தனியாக நிற்பது தெரியும். ஈஃபிள் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் படம் எடுப்பதில் ஒரு சங்கடம்: அங்கிருந்து எடுக்கிற பாரிஸில் ஈஃபிள் கோபுரம் இருக்காது. மாப்பசானுக்கு இது சங்கடமாகப் படவில்லையாம். கோபுரத்தை வெறுத்த அவர் அதன் உணவகத்திலேயே போய்ச் சாப்பிடுவார், பாரிஸில் அது கண்ணில் படாத ஒரே இடம் அதுதான் என்பார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, வெறுத்தது நிஜம். 1887 பிப்ரவரியில் கோபுரத்தை எதிர்த்துக் கலைஞர்கள் பத்திரிகையில் வெளியிட்ட கண்டன அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

எட்டி நின்று பார்ப்பதில் எனக்கு வாத்தியார் ஒருவர் உண்டு: ஆன்ரி ரிவியேர். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலையை முப்பத்தாறு கோணங்களில் வரைந்தார் அல்லவா, அதைப் பார்த்து ரிவியேர் ஈஃபிள் கோபுரத்துக்கு முப்பத்தாறு காட்சிகள் செய்து 1902இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்தக் காட்சிகள் பலவற்றில் கோபுரத்தைத் தேட வேண்டியிருக்கும். பனி விழுகிறது, படகில் ஆட்கள் சுமை ஏற்றுகிறார்கள், புகைபோக்கிகள் புகைகின்றன, ஓர் ஓரத்தில் கோபுரம் ஊசிபோலத் தெரிகிறது. நகரத்தில் வேலை நடக்கிறது, கோபுரம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவை பழசாகவில்லை, ஏனென்றால் அவை பாரிஸின் படங்கள்.

இதே ரிவியேர் கோபுரத்தை ஒட்டி நின்றும் எடுத்திருக்கிறார் என்பதுதான் விசேஷம். 1889இல் வேலை நடந்துகொண்டிருந்தபோதே கேமராவோடு மேலே ஏறி, குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்குகிற பெயின்டரை எடுத்தார். அந்தப் புகைப்படங்களில் கோபுரத்தின் உருவமே கிடையாது. சட்டம், சட்டத்தின் மேல் சட்டம், நடுவில் ஒரு மனிதன். அறுபத்து நான்கு வருஷம் கழித்து, 1953இல் மார்க் ரிபு அதே காரியத்தைச் செய்தார். இடுப்பில் கயிறுகூட இல்லாமல், கையில் பிரஷ்ஷோடு, நாட்டியக்காரன்போலக் காலைப் பின்னிக்கொண்டு இரும்பில் சாய்ந்து நிற்கிற பெயின்டரின் படம். இளைஞராக அப்போதுதான் பாரிஸுக்கு வந்திருந்த ரிபுவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்தப் படத்தால்தான்.

நாமெல்லாம் கயிற்றில் தொங்க முடியாது. ஆனால் ஒட்டி நிற்கலாம். கோபுரத்தின் அடியைச் சுற்றி 2018இல் இரண்டு பக்கம் கண்ணாடிச் சுவரும் இரண்டு பக்கம் இரும்பு வேலியும் எழுப்பிவிட்டார்கள், குண்டு துளைக்காத கண்ணாடி, மூன்று மீட்டர் உயரம். பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், ஆனால் மேலே ஏறாமல் கீழே நிற்பதற்குக் காசில்லை. கோபுரம் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் உள்ளே வருவதே லிஃப்ட் வரிசைக்காகத்தான். நேரே வரிசையில் போய் நின்று ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே 7,300 டன் இரும்பு நிற்கிறது.

இரும்பு என்றால் எஃகு அல்ல, தேனிரும்பு. 18,038 துண்டுகள், 25 லட்சம் ரிவிட். எண்களாகப் படித்தபோது எனக்கு இது ஏறவில்லை. ஒரு காலுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் ஏறியது. ஒவ்வொரு ரிவிட்டின் தலையும் கட்டைவிரல் நுனியைவிடப் பெரிதாக, உருண்டையாக, வரிசையாக ஓடுகிறது. அதன்மேல் பெயின்ட் மேல் பெயின்டாக ஏறி, விளிம்புகள் மழுங்கி, சில இடங்களில் செதில் எழும்பி, அடியில் வேறொரு பழுப்பு எட்டிப் பார்க்கிறது. 1889இல் செம்மண் நிறத்தில் தொடங்கி, மஞ்சளாகி, பழுப்பாகி, ஏறக்குறைய ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பூசுகிறார்கள். ஒரு தடவைக்கு 60 டன் பெயின்ட். ஸ்ப்ரே இல்லை, பிரஷ்தான், கையால்தான். நெடுங்காலம் ஒரே நிறத்தை மூன்று சாயலில் அடித்து வந்தார்கள்: அடியில் அடர்த்தி, நடுவில் கொஞ்சம் மட்டு, உச்சியில் வெளுப்பு. வானத்தின் பின்னணியில் முழுக் கோபுரமும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. போட்டோவில் நாம் எக்ஸ்போஷர் ஏற்றி இறக்கிச் செய்கிற வேலையை அவர்கள் பெயின்ட் டப்பாவிலேயே செய்துவிட்டார்கள்.

நடுவில் போய் நின்று நேரே மேலே பாருங்கள். முதல் தளத்தின் நடுவே சதுரமாக ஒரு திறப்பு தெரியும். அதைச் சுற்றிலும் சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, சிக்குக் கோலம்போல, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் போகும். மனைவி பெட்ஷீட்டை விரித்து அதில் படுத்துக்கொண்டே எடுத்தாள். அண்ணாத்தி எடுக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது இங்கே செல்லாது. பாதி அண்ணாத்தினால்தான் கெடுதல். முழுக்க அண்ணாத்தினால் அது வேறு படம். ஃபோனை வயிற்றின்மேல் வைத்து, அரை மடங்கு வைட் லென்ஸைப் போட்டு, நான்கு கால்களும் நான்கு மூலையில் வருகிற மாதிரி நகர்ந்து படுத்தால் போதும். செக்யூரிட்டி ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

ஒட்டி நிற்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற இன்னொன்று, பெயர்கள். முதல் தளத்துக்குக் கீழே, சுற்றிலும், பொன்னிறத்தில் 72 பெயர்கள் பொறித்திருக்கும், பக்கத்துக்குப் பதினெட்டு. பிரெஞ்சு விஞ்ஞானிகள், எஞ்சினியர்கள். லவாசியே, ஆம்பேர், கூலோம், ஃபூரியே என்று நம் பிளஸ் டூ பாடப்புத்தகம் மொத்தமும் அங்கே வரிசையாக நிற்கும். 72 பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது. அது ஈஃபிள் செய்த தேர்வு, தன் காலத்திலேயே கணிதத்தில் பெயர் பெற்றிருந்த சோஃபி ஜெர்மேன் விடுபட்டது இன்றுவரை பேசப்படுகிறது.

ட்ரொகாதேரோ பக்கம் நின்று எடுக்கிறவர்களின் படத்தில் லக்ராஞ்சும் லப்லாஸும் தெரிவார்கள். நான் தேடிப் போனது அவர்களையல்ல. வடகிழக்கு முகத்தில் பெத்தியே என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘தாகேர்’ என்று இருக்கும். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் முதன்முதலில் நடைமுறைக்கு ஏற்ற புகைப்படம் எடுத்துக்காட்டிய லூயி தாகேர்தான் அது. அந்தக் கண்டுபிடிப்பை 1839 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் எழுந்து அறிவித்த அராகோவின் பெயர் ஷான் தெ மார்ஸ் பக்கத்து முகத்தில். புகைப்படம் பிறந்து ஐம்பது வருஷத்தில் கோபுரம் எழுந்தது. உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்படுகிற கட்டடங்களில் ஒன்று படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் பெயரை நெற்றியில் தாங்கி நிற்கிறது, எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு பக்கம் நிற்கிறார்கள். தாகேரை மூன்று மடங்கு ஸூமில் எடுத்தேன். பின்னணியில் ஒன்றுமில்லை, எழுத்தும் ரிவிட்டும்தான். அந்தப் பயணத்தில் நான் பிரேம் போட்டு வைத்திருக்கிற இரண்டு படங்களில் ஒன்று அது.

இரவுப் படம் பற்றிக் கேட்பீர்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிஷம் 20,000 பல்புகள் கண்சிமிட்டுகின்றன. நேரில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கூட்டம் மொத்தமும் “ஓ” என்று கத்தும். ஃபோனில் எடுத்தால்தான் ஏமாற்றம். நைட் மோடு பல ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்க்கும். அணைந்து எரிகிற பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி ஆகி, கோபுரம் சீரியல் செட் போட்ட பந்தல்கால் ஆகிவிடும். நைட் மோடை அணைத்துவிட்டு, கோபுரத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்கி எடுத்தால் கொஞ்சம் தேறும். வீடியோ எடுத்தால் இன்னும் மேல். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய அரை மணி: சூரியன் மறைந்து, வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது பொன்னிற விளக்குகள் ஏறுகிற நேரம். நேரத்தை மட்டும் போகுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பு நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை எரிந்த விளக்குகளை 2022 செப்டம்பரில் மின்சிக்கனத்துக்காக 11.45க்கே அணைக்க ஆரம்பித்தார்கள்.

இந்த இரவு வெளிச்சத்துக்குச் சட்டமும் உண்டு. கோபுரத்தின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. ஈஃபிள் 1923இல் இறந்தார், காப்புரிமைக் காலம் முடிந்து பல வருஷம் ஆயிற்று. பகல் படத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரவில் அதன்மேல் எரிகிற ஒளியமைப்பு மட்டும் தனிப் படைப்பு. பொன்னிற விளக்குகளை பியேர் பிதோ என்பவர் அமைத்து 1985 டிசம்பர் 31 இரவு ஏற்றினார்கள். கோபுரத்தின் ஒளியலங்காரமும் காப்புரிமை உள்ள படைப்பே என்று 1992இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குடும்பப் படத்துக்கும் நண்பர்களுக்குக் காட்டுவதற்கும் தடையில்லை. பத்திரிகை அட்டை, விளம்பரம், டிராவல்ஸ் கம்பெனி பிட்நோட்டீஸ் என்று போனால் கோபுரத்தை நடத்துகிற நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பதிவில் இரவுப் படம் இல்லாததற்குச் சட்டம் காரணமில்லை. எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றும் அமையவில்லை.

நாங்கள் தங்கியது பாரிஸுக்கு வடக்கே லா கூர்னோவில், ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில். மேல்மாடி பால்கனியில் நின்றால், கட்டடங்களுக்கும் கிரேன்களுக்கும் இடையில், விரல்நக உயரத்தில் கோபுரம் தெரியும். இரவில் உச்சியிலிருந்து சுழல்கிற விளக்கின் கீற்று அவர்கள் சமையலறைச் சுவருக்கு எதிரே வானத்தைத் துழாவிவிட்டுப் போகும். “எங்களுக்கு அது மணிக்கூடு மாதிரி, தம்பி. மினுங்கத் தொடங்கினா, பிள்ளையளைப் படுக்கச் சொல்லுற நேரம்,” என்றார்.

எட்டி, ஒட்டி என்று நான் அவரிடமும் அளந்துகொண்டிருந்தேன். பேசாமல் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த புதிதில் எடுத்த படம். சரியாக நான் வேண்டாம் என்கிற அதே நடுத்தூரம். இருபது வயதுப் பெண், அளவு பெரிதான குளிர்க்கோட்டு, பின்னால் கோபுரம். எடுத்தவர் கிட்ட நின்றதில் உச்சி வெட்டுப்பட்டு இரண்டாம் தளத்தோடு நின்றுவிட்டது.

“ஊரில சண்டை. நான் வந்து சேர்ந்திட்டன் எண்டு அம்மாவுக்குத் தெரியோணும். டெலிபோனும் இல்லை. லாச்சப்பல்ல ஒரு அண்ணா கமரா வச்சிருந்தவர், அவரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. இதைக் கண்டா நான் பிரான்சிலதான் நிக்கிறன் எண்டு அவ நம்புவா.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“கடிதம் வந்து சேர நாலு மாசம். கோபுரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘நல்லா மெலிஞ்சு போனாய் பிள்ளை, அந்தக் கோட்டு ஆற்றையது?’ எண்டு கேட்டிருந்தா.”

கோட்டு இரவல். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் படத்தில் கோணம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, உச்சியே இல்லை. அதை எட்டி நின்று எடுத்திருந்தால் கோட்டின் அளவு அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே நடுத்தூரக்காரர்களை நான் முழுக்கக் கழித்துக் கட்டவில்லை. அங்கே இருந்தேன் என்று இன்னொருவருக்குக் காட்டவேண்டிய படம் வேறு ஜாதி. அதற்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. நான் சொல்வதெல்லாம் கோபுரத்துக்காகக் கோபுரத்தை எடுக்கிறவர்களுக்கு.

மறுநாள் காலை அவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டு ஒன்று எடுத்தேன். கொடியில் பள்ளிச் சீருடையும் சாரமும், அவற்றுக்கு நடுவே தெரிந்த இடைவெளியில் கோபுரம். பிரேம் போட்ட இரண்டாவது படம் அது. அவருக்கு அனுப்பினேன். மகன் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு அதை வாட்ஸ்அப் டிபியில் வைத்திருக்கிறார், இன்னும் மாற்றவில்லை.

போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மெட்ரோவின் 6ஆம் லைனில் ஷார்ல் தெ கோல் எத்துவால் நிலையத்தில் நாசியோன் போகிற வண்டியில் ஏறுங்கள். பாஸ்ஸி தாண்டியதும் வண்டி பீர் ஹக்கீம் பாலத்தின் மேல்தட்டில் ஆற்றைக் கடக்கும், கோபுரம் முழுசாக, நேராக, மறைப்பில்லாமல் தெரியும். அரை நிமிஷம்கூட இருக்காது. இடப்பக்கம் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள், ஃபோனைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் உங்கள் முகம்தான் விழும். அடுத்த நிலையமே பீர் ஹக்கீம், கோபுரத்துக்கு அங்கே இறங்க வேண்டும்.